தங்கப்பழம் சாரின் ரைட்

ஜூலை 3, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு ஸ்பீச் தெரபி கொடுக்க வருகிற சுகந்தி தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். இவர் எப்போது வாயைத் திறந்தார், என்ன சத்தம் வந்தது, அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது, எல்லாம் வேண்டுமாம். பால்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பாதி வருஷம் சும்மாவே கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகக் காலம் தள்ளியவளுக்குப் பேனாவை விட ஊசிதான் கைக்கு வரும். பார்ப்போம்.

இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. மைதானத்தில் இவர் போட்ட சத்தம் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை கேட்கும் என்பார்கள். அந்த பி.டி. மாஸ்டர் சாமுவேல் தங்கப்பழம் இப்போது கஞ்சி கடைவாயில் வழிய என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஜூலை 5

ஒன்றுமில்லை. மலச்சிக்கல்.

ஜூலை 7, வியாழன்

பேசிவிட்டார்.

காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு, "போதுமா அத்தான்" என்றேன். பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்பது. "ரைட்" என்றார். எச்சிலும் குழறலும் இல்லாமல் தெளிவாக வந்தது. கிண்ணத்தைத் தரையில் போட்டுவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ரைட். வலிக்கிறதா? ரைட். நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம். ரைட்.

கொழுந்தன் ஜோதிமணிக்குப் போன் போட்டேன். ஓடி வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ரைட்டு, ரைட்டு" என்று இவரே தம்பிக்கு ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் சுகந்தி வந்து கேட்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம். உள்ளே ஆயிரம் வாக்கியம் நினைத்தாலும் வெளியே வருவதற்கு அந்த ஒரு வாசல்தான். எதற்காக அந்தச் சொல் மட்டும் தங்குகிறது என்று பெரிய டாக்டர்களுக்கே தெரியாதாம்.

ஜூலை 12

இந்த ரைட் எங்கிருந்து வந்தது என்பதுதான் இப்போது தெருவுக்கே பேச்சு. ஜோதிமணிக்குச் சந்தேகமே இல்லை. ஆயுசு முழுக்க லெஃப்ட் ரைட் போட்ட மனுஷனுக்கு வேறு என்ன சொல் மிஞ்சும் என்கிறார். சுகந்தியும் சோதித்துப் பார்த்தாள். அவள் "லெஃப்ட்" என்றதும் இவர் "ரைட்" என்றார். அவள் மறுபடி லெஃப்ட், இவர் ரைட். ஜோதிமணி கைதட்டினார். நான் இடையில் புகுந்து "சாம்பார்" என்றேன். அதற்கும் ரைட்தான் வந்தது. ஜோதிமணிக்கு என் மேல் கோபம்.

பால்காரர், கண்டக்டர்கள் சொல்கிற "போலாம் ரைட்" என்கிறார். எதிர்வீட்டு டீச்சர், சரியான கணக்குக்கு டிக் அடிக்கிற ரைட் என்கிறார். கை விழுந்தது வலது கை, அதைத்தான் சொல்கிறார் என்று மருந்துக்கடைப் பையன். ஆளுக்கு ஒரு வம்சாவளி.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எனக்கு எதற்கும் சரி என்று சொன்னதில்லை. "வேண்டாம்", "தேவையில்லை", "அதெல்லாம் கிடையாது". இந்த மூன்றில் ஒன்று தங்கியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஜூலை 16, சனி

ஹால் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாமா என்று இவரிடம் கேட்டேன். ரைட் என்றார். பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறேன். காலமெல்லாம் அழுக்கு வெள்ளையில் குடியிருந்தாயிற்று.

ஜூலை 19

மிக்சி மாற்றினேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன். ரைட் சொன்னார்.

ஜூலை 22

எல்லா ரைட்டும் ஒன்றல்ல. சுகந்தி கேட்டதால் கவனித்து எழுதுகிறேன். காப்பி என்றால் சொல் மேலே ஏறி நிற்கும். டயப்பர் நனைந்துவிட்டால் இரண்டாகச் சொல்வார், குரல் தாழ்ந்து வரும், கண் வேறு பக்கம் போகும். வேண்டாம் என்பதற்கும் ரைட்தான், ஆனால் கடைசியில் நறுக்கென்று முடியும். மஞ்சள் பெயிண்டுக்கு எப்படி முடிந்தது என்று நான் கவனிக்கவில்லை.

ஆமாம் என்றால் கண்ணை மூடவும், இல்லை என்றால் தலையை ஆட்டவும் சுகந்தி பழக்கிப் பார்க்கிறாள். வரவில்லை. கண்ணை மூடச் சொன்னால் தூங்கிவிடுகிறார்.

ஜூலை 28, வியாழன்

இன்றைக்கு மனசு சரியில்லை.

இவருடைய புல்லட் ஷெட்டில் நின்று துருப்பிடிக்கிறது என்று ஜோதிமணி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கட்டில் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, வண்டியை நான் எடுத்து ஓட்டட்டுமா, சும்மாதான நிக்கி" என்று கேட்டார். "ரைட்" என்றார் இவர். நறுக்கென்று முடிந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. "மைனி, அண்ணன் சரின்னுட்டாவ பாத்தியளா" என்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த வண்டியை இவர் வேறு யாரையும் தொட விட்டதில்லை. வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "ரைட், ரைட், ரைட்" என்று கத்தினார். தெருவில் போகிறவர்கள் கேட்டால் வண்டிக்கு வழியனுப்புகிறார் என்றே நினைப்பார்கள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, கடைசியில் தலையணையில் சாய்ந்துவிட்டார்.

நான் ஓடிப் போய் ஜோதிமணியைத் தடுத்திருக்கலாம். அந்த வண்டி இந்த வீட்டைவிட்டுப் போனால் நல்லது என்று எனக்கும் இருந்தது. பைக் சத்தம் எனக்கு ஆகாது.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

மாடி அறையைத் திறந்தேன். அகராதி எடுக்கத்தான். ரைட் என்றால் இங்கிலீஷில் என்னவெல்லாம் அர்த்தம் என்று பார்க்கலாமென்று தோன்றியது. ஆல்வினுடைய அகராதி அங்கேதான் இருக்கிறது.

அவன் பெயரை எழுதிவிட்டேன். எழுதினால் என்ன. ஆல்வின் எங்கள் ஒரே மகன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கூட்டாளியோடு பைக்கில் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனான். ஆற்றுச் சுழலில் போய்விட்டான். வருகிற அக்டோபர் எட்டாம் தேதி வந்தால் ஒன்பது வருஷம்.

அன்றைக்கு நான் எங்கள் சபைக் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இருந்தேன். திரும்பி வந்து பிள்ளை எங்கே என்று கேட்டபோது இவர், "எங்கிட்டக் கேக்காமப் போயிருக்கான்" என்றார். சாயங்காலம் செய்தி வந்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "கேக்காமப் போனவன் பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். படம் மாட்டவில்லை. நினைவு ஜெபக்கூட்டம் ஒரு வருஷம்கூட வைக்கவில்லை. வருஷா வருஷம் செப்டம்பர் பிறந்தால் பெயரைச் சொல்லாமலே கேட்பேன். கிடையாது என்பார். மற்ற வீடுகளில் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிறார்கள். என் பிள்ளை பிறக்கவேயில்லை என்பது மாதிரி நாங்கள் இருந்தோம்.

அகராதியை எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டினேன். தூசியில் தும்மல் வந்தது.

ஆகஸ்ட் 10

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தேன். அந்தச் சின்னச் சொல்லுக்கு ஒரு பத்தி முழுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். சரியான. நியாயமான. வலப்பக்கம். உரிமை. நேராக. செங்கோணம். உடனடியாக. கவிழ்ந்த படகை நிமிர்த்துவதற்கும் அதே சொல்தானாம். காப்பி, வேண்டாம், டயப்பர் நனைந்துவிட்டது, என் வண்டியைத் தொடாதே, இதெல்லாம் இல்லை. அகராதிக்காரர்கள் இவரிடம் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம்.

சுகந்தி போனில் பார்த்துச் சொன்னாள். இங்கிலீஷ்காரர்களிடம் ஆதியில் இந்தச் சொல்லுக்கு நேர் கோடு என்று பொருளாம். கோணாமல் போவதுதான் முதல் அர்த்தம், நியாயமெல்லாம் அதிலிருந்து பிறகு கிளைத்ததாம். இவர் எல்லாப் பிள்ளைகளையும் முதுகு வளையாமல் நிற்கச் சொல்வார், பொருத்தம்தான் என்றேன். "அப்ப சார் சரியான சொல்லைத்தான் வச்சிருக்காங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து நாளாயிற்று.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டு, "அத்தான், வார அக்டோபர் எட்டாந்தேதி நம்ம ஆல்வினுக்கு வீட்டுல ஜெபக்கூட்டம் வைக்கலாமா" என்றேன். ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ரைட்" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். இடது கையால் நாற்காலிக் கையை அடித்து அடித்துச் சொன்னார். கண்ணில் தண்ணீர்.

சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சொல் எப்படி முடிந்தது என்று யாராவது கேட்டால், நான் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில்தான் கையை அடித்திருப்பார். ஐயரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் சபைப் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த ஐயர் புதிதாக வந்தவர், ஆல்வினைத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

ஆகஸ்ட் 30

மஞ்சள் சுவரில் ஆல்வின் படத்தை மாட்டினேன். கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்த சின்னப் படம். பெரிதாக்கியதில் காது கொஞ்சம் மங்கிவிட்டது. காதில் என்ன இருக்கிறது, கண் நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 4, ஞாயிறு

காலையிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து ரைட் ரைட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சோறு இறங்கவில்லை. அழுகிறார். பக்கவாதக்காரர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறாள் சுகந்தி.

எனக்குத் தெரியும், கோபம்தான். பெயரையே எடுக்கக் கூடாது என்றவர் கண் முன்னால் படத்தை மாட்டினால் கோபம் வராதா? வரட்டும். ஒன்பது வருஷம் அவர் சொன்னது நடந்தது. கட்டிலை மட்டும் ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

செப்டம்பர் 11, ஞாயிறு

மகராசன் வந்துவிட்டுப் போனான்.

இவன்தான் அன்றைக்கு ஆல்வினோடு போன கூட்டாளி. இவருடைய மாணவன். இப்போது ஓசூரில் வேலை, லீவு போட்டு ஊருக்கு வந்தவனை ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடலாமென்று வரச் சொன்னேன். அடக்கத்துக்குப் பிறகு அவன் இந்த வாசல் மிதித்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்த பிள்ளையைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

தலைமுடி உதிர்ந்து பெரிய ஆளாகிவிட்டான். இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ரைட்" என்றார் இவர். அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். இப்போது சாருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது, லெஃப்ட் ரைட் போட்ட பழக்கம் என்று சொன்னேன். அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அடுக்களைக்கு என் பின்னாலேயே வந்தான். நான் டீ போட்டுக்கொண்டே, கேட்காமல் போய்விட்டானேடா என் பிள்ளை, கேட்டிருந்தால் அவனை அப்பா விட்டிருக்க மாட்டாரே என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேட்டுட்டுத்தான போனோம் ஆன்ட்டி. நான் வண்டியை ஆஃப் பண்ணாம கேட்ல நின்னேன். ஆல்வின் உள்ள போயி கேட்டான். சார் கண்ணாடி முன்னால நின்னு ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாவ. ரைட், போயிட்டு வா, இருட்டுமுன்ன வந்துருன்னாவ. எனக்கே நம்ப முடியல. அவன் வழி பூரா அதத்தான் சொல்லிக்கிட்டே வந்தான். லேய், எங்கப்பா ரைட்டுன்னு சொல்லிட்டாருல. அம்பாசமுத்திரம் தாண்டுற வரைக்கும் அதான். ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

டீ பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டது. அவனுக்கு வேறு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 12

கஞ்சி கொடுத்தேன். துடைத்துவிட்டேன். அவரோடு பேசவில்லை.

செப்டம்பர் 13

பேசவில்லை.

செப்டம்பர் 15, வியாழன்

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆல்வினுக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்வான். நான் இவர் முகம் பார்த்து, நேரம் பார்த்து, சாப்பாடு முடிந்த பிறகு சொல்வேன். இவர் கிடையாது என்பார். நான் போய் அவனிடம் அதை இனிப்புத் தடவிச் சொல்வேன். பத்தொன்பது வயது வரைக்கும் அப்படித்தான். அன்றைக்கு நான் இல்லாததால் முதன்முதலாகத் தானே போய்க் கேட்டிருக்கிறான். இவரும் முதன்முதலாகச் சரி என்றிருக்கிறார்.

அடக்க ஆராதனையில் அப்போதிருந்த ஐயர், பெற்றோருக்குக் கீழ்ப்படிகிற பிள்ளைகளின் நாட்கள் நீடித்திருக்கும் என்று வசனம் எடுத்துப் பேசினார். சபை முழுக்க வாலிபப் பிள்ளைகள். இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெட்டியைக் கை காட்டினார். பெட்டியில் என் பிள்ளை. இவர் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எழுந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு சபையில் எந்தத் தாய் பிள்ளையைக் கண்டித்தாலும் தங்கப்பழம் சார் மகன் கதைதான். நான் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார்கள்.

நானும் நம்பினேன். ஒன்பது வருஷம் ஜெபத்தில் பிள்ளைக்காக அழும்போதெல்லாம் அவன் மேல் ஒரு மூலையில் கோபம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று.

கேட்டிருக்கிறான்.

இந்த மனிதருக்கு வாய் இருந்திருந்தால் இன்றைக்கு நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாயில்லாத ஆளிடம் என்னத்தைச் சண்டை போட? ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கும்போது கை கொஞ்சம் அழுந்திவிட்டது. "ரைட்" என்றார். மெதுவாகச் சொன்னார்.

செப்டம்பர் 20, செவ்வாய்

நாலைந்து நாளாகச் சார் பேசினதைப் பற்றி ஒன்றுமே படித்துச் சொல்லவில்லையே என்று சுகந்தி கேட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். சார் இப்போது நிறையச் சொல்கிறார், நீங்கள் பேச்சுக் கொடுக்காததால்தான் என்றாள். அவளுக்கென்ன தெரியும்.

அவள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ரைட் ரைட் என்று வந்துகொண்டே இருந்தது. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். காப்பியின் ரைட் இல்லை. வேண்டாமென்பதும் இல்லை. ஒரு ராகமும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற மாதிரி இருந்தது.

லெஃப்ட் ரைட்டும் கண்டக்டரும் டிக் அடிப்பதும் ஒன்றும் கிடையாது. ஜூலையிலிருந்து இவர் அன்றைக்கு ஆல்வினுக்குச் சொன்ன ரைட்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அதை வைத்துச் சுவருக்கு மஞ்சள் அடித்தேன்.

கட்டிலை மறுபடி படத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டேன். வேறொன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

எட்டாம் தேதிக்குச் சபையார் நாற்பது பேர் வருவார்கள். அன்றைக்கு அந்த வசனத்தைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் முன்னால் என் பிள்ளை கேட்காமல் போகவில்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவன் படத்துக்கு மாலை போட்டால் அது என்ன நினைவுகூருதல்?

சொன்னால் இவரை என்ன செய்வார்கள்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளை, பொய் சொல்லிப் பெற்ற பிள்ளைக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவன் என்று பார்ப்பார்கள். பதிலுக்கு இவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பேச்சற்றவர் மேல் பழி போடுவது பெரிய வீரமா?

இவரிடமே கேட்டேன். "அன்னைக்கு நடந்ததை எல்லார்ட்டயும் சொல்லவா?" ரைட் என்றார். எதைக் கேட்டாலும் அதுதானே வரும். மிக்சிக்கு அதுபோதும் என்று இருந்தேன். ஜோதிமணி வண்டியை எடுத்தபோதும் இருந்தேன். இதற்குப் போதாது.

செப்டம்பர் 27

ஜோதிமணி வீட்டுக்குப் போய் வண்டியைத் திரும்பக் கேட்டேன். அண்ணன் கொடுத்த வண்டி என்றார். கொடுக்கவில்லை, அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்து விட்டுப்போனார். எட்டாம் தேதி வருவாரோ என்னவோ.

அக்டோபர் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இவரை ஹாலில் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, நான் கீழே உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். மகராசன் எல்லாம் சொல்லிவிட்டான் என்றேன். இவர் ரைட் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகிறார் என்று தெரிந்தது. என் கையில் சொட்டியது. எத்தனை கோபமிருந்தாலும் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆறுதலாக இருக்கட்டுமென்று சொன்னேன்.

"நான் அன்னைக்கு வீட்ல இருந்திருந்தாலும் போயிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன் அத்தான்."

தலையை ஆட்டினார். இப்படியும் அப்படியுமாக, மெதுவாக, இரண்டு தடவை. சுகந்தி மாசக்கணக்கில் பழக்கியும் வராதது வந்துவிட்டது. இல்லை என்கிறார். நான் சொல்வது பொய் என்கிறார்.

பொய்தான். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். குற்றாலத்துக்குப் போனால்கூட அருவிக்கு எட்ட நின்று பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இவருக்குத் தெரியாதா? அதற்குப் பயந்துதான் அன்றைக்குக் கூட்டம் முடிந்து வந்தவளிடம் கேக்காமப் போயிருக்கான் என்று சொல்லியிருக்கிறார்.

"சரி, சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன். "அழுது பொரண்டாவது அவன நிறுத்தியிருப்பேன்."

"ரைட்" என்றார்.

அகராதியில் முதலாவதாகப் போட்டிருந்த "சரியான" என்கிற அர்த்தம்தான். எனக்குச் சந்தேகமில்லை.

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவர் முகத்துக்கு நேரே நின்றேன். சபைக்கு முன்னால் சொல்லப் போகிறேன், கேட்டுவிட்டுத்தான் போனான் என்று சொல்லப் போகிறேன், வேண்டாமென்றால் இப்போது ஆட்டின மாதிரி தலையை ஆட்டுங்கள் என்றேன். காத்திருந்தேன். என்னைப் பார்த்தபடியே இருந்தார். தலை அசையவில்லை. பிறகு மறுபடியும், "ரைட்."

அக்டோபர் 5

டீக்கு ஏற்பாடு. பன், மிக்சர். பத்திரிகைக்கு நினைவஞ்சலி கொடுத்தாயிற்று. "உன்னை மறவாத அப்பா, அம்மா" என்று போடச் சொன்னேன்.

அக்டோபர் 8, சனி

எல்லோரும் போய்விட்டார்கள். நாற்காலிகளை இன்னும் எடுக்க வரவில்லை. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

ஹால் நிறைந்து வாசல் வரைக்கும் ஆள். ஜோதிமணியும் வந்து கடைசியில் நின்றார். மகராசன் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு. ஐயர் சுருக்கமாகப் பேசினார். நான் ஏற்கனவே சொல்லியிருந்தபடி, குடும்பத்தார் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"எங்க ஆல்வின் கேக்காமப் போனான்னு நீங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கிய. நானும் அப்படித்தான் நெனச்சேன். அவன் அவங்கப்பாட்ட கேட்டுட்டுத்தான் போனான். இவிய போயிட்டு வான்னு சொல்லித்தான் அனுப்புனாவ."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. பின் வரிசையில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாய் மனசு, அவள் அப்படித்தான் சொல்வாள் என்கிற பார்வை. எனக்கு அது புரிந்தது.

"ரைட்."

சுவரோரம் சக்கர நாற்காலியிலிருந்து வந்தது. நாற்பது பேரும் திரும்பினார்கள். இவர் ஒருவரையும் பார்க்கவில்லை. மைதானக் குரல் அல்ல, உரத்தும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபடி இன்னொரு தடவை சொன்னார். இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். ரைட். மறுபடி படத்தைக் காட்டினார். மறுபடி நெஞ்சு. மகராசன் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனான். ஜோதிமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். லெஃப்ட் ரைட் என்று இனி அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஐயர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். நான் போய் இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இடது கையை என் தலையில் வைத்தார். சபை பார்க்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது. பிள்ளை போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான்.